மேனேஜரின் வயிறு

ஆடு அவள் கையை முகர்ந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்பு அலசுகிற கை. எத்தனை தடவை கழுவினாலும் பிளீச்சிங் வாடை போகாது. வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அவரே அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேவலம் ஒரு ஆடு சொல்லிவிட்டது.

“புது ஆளுன்னா அது அப்படித்தாம்மா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு” என்றாள் மகள். ஆட்டின் முன்னங்காலை மடக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, சின்னக் கத்தியால் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள்.

தள்ளி நில்லு. ஆறு மாதம் கழித்துப் பார்க்க வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பு. அம்மா தள்ளித்தான் நின்றாள்.

கைப்பேசிக் கடைப் பூட்டை உடைத்த கூட்டத்துக்குத் தெருமுனையில் காவல் நின்றதற்காக மகளைப் பிடித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. சீர்திருத்த இல்லத்துக்குப் போகவேண்டியவளை, நீதிபதி யோசித்துப் பார்த்து இந்தப் பண்ணைக்கு அனுப்பினார். கெட்டுப்போகவிருந்த பத்துப் பிள்ளைகள், இருபது ஆடுகள், இரண்டு குதிரைகள், ஒரு சரிவான மேய்ச்சல் நிலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிராணி பொறுப்பு. பிராணியைப் பார்க்கப் பார்க்கப் பிள்ளை சரியாகும் என்பது இங்கே நம்பிக்கை. கேட்டபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நேரில் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது.

மகளிடம் வந்து சேர்ந்த ஆட்டுக்குப் பெயர் மேனேஜர். பெட்டை ஆடுதான். ஆனால் எந்த வாளியை வைத்தாலும் சுற்றிவந்து ஒருமுறை ஆய்வு செய்யாமல் வாய் வைக்காதாம். இப்போது சினையாக இருந்தது.

“எதுவா இருந்தாலும் மேனேஜர்கிட்டயே நேரா சொல்லுங்க, அதுக்குப் புரியும்” என்றாள் பண்ணையை நடத்துகிறவள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கத்தரித்த முடி, சத்தம் போடாத குரல். பிள்ளைகள் அவளை அக்கா என்றார்கள். அம்மா மனதுக்குள் ரப்பர் பூட்ஸ்காரி என்று வைத்துக்கொண்டாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவளுக்குப் பிள்ளையே கிடையாதாம். அப்புறம் எதற்காக என் பிள்ளையை வளர்க்கிறாள்?

அதைவிட எரிந்தது, மகளின் கழுத்தில் கயிற்றில் தொங்கிய சாவி. தீவன அறைச் சாவி. மகள் வீட்டில் முதல்முதலாகத் திருடிய பிறகு அம்மா பீரோவைப் பூட்டினாள், சமையலறை அலமாரியைப் பூட்டினாள், சர்க்கரை டப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை. சாவிக்கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். இங்கே வந்த நாலாவது மாதமே இவர்கள் இவளிடம் சாவியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவளும் அதைத் தாலிபோல் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

நீதிமன்றம் சொன்ன ஆறு மாதம் இன்றோடு முடிந்தது. நாலு மணி வேனில் மகளை அழைத்துப் போய்விடலாம். அதற்காக அறைக்கு வெள்ளையடித்து, ஆஸ்பத்திரி முத்திரை இல்லாத புது விரிப்பு வாங்கிப் போட்டிருந்தாள். விரிப்பின் நிறத்தைச் சொல்ல வாயெடுக்குமுன் மகள் சொல்லிவிட்டாள்.

“மேனேஜர் குட்டி போடற வரைக்கும் இருக்கேம்மா. ஒரு மாசம்தான். அப்புறம் குட்டிங்க பால் மறக்கணும், அதுக்கு ஒரு ரெண்டு மாசம். அக்கா சரின்னுட்டாங்க.”

“எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கெடந்தேனே, ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்தியா நீ? ஆட்டுக்குப் பிரசவம் பாக்கப் போறியா?”

மகள் ஆட்டின் அடுத்த காலை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். ஆடு தன் தாடையை அவள் தோளில் சாய்த்து, சொந்த வீட்டுத் திண்டில் சாய்ந்ததுபோல் கண்ணை மூடியது. அம்மாவுக்கு அந்தத் தாடையைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது. ஆட்டோடு போய் மல்லுக்கு நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது, பொறாமை போகவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் கம்பிவேலியை மேட்டுக்கு மாற்றப் போனார்கள். பத்துப் பேரும் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கவேண்டும், ஒருவர் முந்தினாலும் கம்பி முறுக்கிக்கொள்ளும். சாவிக்கயிறு கம்பியில் மாட்டுமென்று மகள் அதைக் கழற்றிக் கொட்டகையின் ஆணியில் தொங்கவிட்டாள். “ஒண்ணு… ரெண்டு… தூக்கு!” என்று அவள்தான் குரல் கொடுத்தாள். வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவள்.

கொட்டகையில் அம்மாவும் ஆடும் மட்டும். அம்மா புல் நீட்டினாள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இலை பறித்து நீட்டினாள். அதற்கும் அதே மரியாதை. “ரொம்பத்தான் பண்ணாத” என்றாள்.

பிறகுதான் ஆணியைப் பார்த்தாள்.

தீவன அறையில் நீல டிரம் நிறைய உடைத்த மக்காச்சோளம் இருந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். ஆடு இந்தத் தடவை ஆய்வு எதுவும் செய்யவில்லை. அவள் உள்ளங்கையைக் கடைசிப் பொடிவரை நக்கியது. நாக்கு சொரசொரவென்று வெதுவெதுப்பாக இருந்தது. கை காலியானதும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. யாரும் அவளை அப்படிப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. இன்னொரு பிடி கொடுத்தாள். பிறகு இன்னொன்று. அவள் நடந்தால் அதுவும் பின்னாலேயே நடந்தது. பிடிபிடியாகப் போய் வருவது சலிப்பாக இருக்கவே, வாளியிலேயே அள்ளிவந்து வைத்துவிட்டாள். கொடுப்பதில் அளவு என்று ஒன்று உண்டென்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் முடிந்ததும் அறையைப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே மாட்டினாள். சுத்தமான வேலை.

மகள் திரும்பி வந்து சாவிக்கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டபோது ஆடு அம்மாவின் இடுப்பை உரசிக்கொண்டு நின்றது.

“பாத்தியா, எங்கிட்டயும் வருது.”

“அட!” என்றாள் மகள். சிரித்தாள். மேல்வரிசைப் பல் தெரிய, சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு ஒரு வாளி என்ன, அந்த டிரம்மையே கவிழ்த்திருக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

மூன்றரை மணிக்கு ஆடு படுத்துக்கொண்டது. பல்லை நறநறவென்று கடித்தது. இடப்பக்க வயிறு ஊதி, தட்டினால் மேளம்போல் சத்தம் வந்தது.

“உப்புசம்!” என்று மகள் கத்தினாள். அடுத்த நிமிஷம் பத்துப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஒருவன் எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தான். ஒருத்தி தண்ணீரில் சமையல் சோடா கரைத்தாள். இரண்டு பேர் ஆட்டின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. மகள் ஆட்டின் கடைவாயில் விரல் விட்டு, புரையேறிவிடாமல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ரப்பர் பூட்ஸ்காரி மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டு, தீவன அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“டிரம்முல நல்லா கொறைஞ்சிருக்கு. யாரு போட்டது?”

“நான் போடலக்கா.”

“அறை பூட்டியே இருக்கு. சாவி உன்கிட்ட.”

“நான் போடலக்கா. சத்தியமா.”

எண்ணெய்ப் போத்தல்காரன் வேறு பக்கம் பார்த்தான். சாவி விஷயத்தில் தவறு செய்கிறவர் சாவியையும் பிராணியையும் ஒப்படைத்துவிட வேண்டும். அது பிள்ளைகளே கூடி உட்கார்ந்து போட்ட விதி. ரப்பர் பூட்ஸ்காரிக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சாவியக் குடுத்துடும்மா. இன்னைக்கு நீ அம்மாகூடக் கிளம்பு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்.”

ஆகக்கூடி, அம்மா கேட்டது கிடைத்துவிட்டது. அவள் எதுவும் செய்யவேண்டியதில்லை. இன்னும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வேன் வந்துவிடும், மகள் பக்கத்து இருக்கையில் இருப்பாள், இரவு புது விரிப்பில் படுப்பாள். ஆட்டுக்காக அழுவாள். அப்போது முதுகைத் தடவிக் கொடுக்கலாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அழுதுவிட்டுப் போகட்டுமே, ஓநாய்க்கும் ஒரு குட்டிதானே இருக்கிறது?

“நான் போடல” என்றாள் மகள் மறுபடியும். இப்போது குரல் இறங்கிவிட்டது.

அந்தக் குரலை அம்மாவுக்குத் தெரியும். நான் எடுக்கலம்மா, நான் போகலம்மா என்று வீட்டில் நூறு தடவை கேட்ட குரல். நூறு தடவையும் அவள் நம்பியதில்லை. இதே குரல், இம்மி பிசகாமல் இதே குரல். அந்த நூறில் எத்தனை நிஜமாக இருந்திருக்கும்?

மகள் கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள்.

“நான்தான் போட்டேன்” என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். மகள் மட்டும் திரும்பாமலே கேட்டாள்.

“எவ்வளவு போட்ட?”

“முதல்ல கையில. அப்புறம்… முக்கா வாளி இருக்கும்.”

“முக்கா வாளியா? சினை ஆடும்மா அது!” மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “உன்கிட்ட வரணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல. எப்படின்னு சொல்லிக் குடுத்திருப்பேன்ல.”

அம்மாவுக்கு ‘நீதான் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாயே’ என்று ஒன்று நாக்குநுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“இந்தா, அந்தப் பக்கம் வந்து பிடி. டாக்டர் வர்ற வரைக்கும் நடத்தணும். படுக்க விடாத, படுத்தா போச்சு.”

நடத்தினார்கள். ஆட்டுக்கு இடப்பக்கம் மகள், முஷ்டியால் வயிற்றை அழுத்தி நீவிக்கொண்டு. வலப்பக்கம் அம்மா, விழாமல் தாங்கிக்கொண்டு. கொட்டகையிலிருந்து மாற்றிப்போட்ட வேலிவரை, வேலியிலிருந்து கொட்டகைவரை. ஆடு தள்ளாடியபோதெல்லாம் தலையை மகள் பக்கம்தான் சாய்த்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதைப் பார்க்க அம்மாவுக்குச் சுருக்கென்றது. மேட்டில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. இரண்டு பேரில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாலாவது சுற்றில் அம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் ஏதோ இடித்தது. உள்ளே இருந்து, சின்னதாக, ஆனால் கோபமாக. கையை எடுக்காமல் நடந்தாள். மறுபடியும் இடித்தது. மகள் அந்தப் பக்கம் குனிந்து, வியர்வை சொட்ட நீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. இந்தப் பண்ணையில் இந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது. ஐந்தாறு அடி தூரம் அம்மா அதைத் தனக்கென்றே வைத்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு ஆட்டின் முதுகுக்கு மேலாக எட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். மகள் எரிச்சலோடு நிமிர்ந்தாள். அம்மா அந்தக் கையை இந்தப் பக்கம் இழுத்து, தன் கையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.