பூவின் மேல் கடன்

1

நேற்று ரசத்துக்குப் புளி கரைத்தபோது விரலில் ஒரு கொட்டை இடறியது. இந்தக் கதை அதிலிருந்து வந்ததுதான். வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘மஞ்சள் வெயிலில் பொன்னாய்ச் சொரியும் புளியம்பூக்களிடையே, மான்விழியாள் ஹாஜிரா…’

வேண்டாம். பூ கொட்டிக்கொண்டே இருக்கிறது, கதை நகரவில்லை.

2

எழுபத்தொன்றாம் வருஷம், அதியமான்கோட்டை. ரோட்டோரப் புளியமரங்களைப் பூவிலேயே குத்தகை பிடிப்பது தாவூதின் தொழில். (காய் வருமுன்பே பூவைப் பார்த்து விலை பேசுவார்கள். கனவுக்கு விலை பேசுவது மாதிரிதான்.) வெள்ளிக்கிழமை ஏலம், இந்த வருஷம், அடுத்த வருஷம் இரண்டுக்கும் சேர்த்து. பாங்கிக் கடன் வராவிட்டால் மரங்கள் சேலத்து வியாபாரிக்குப் போகும். தாவூது அவரிடமே கூலிக்குப் போகவேண்டும்.

மனு எழுதியவள் அவன் மனைவி ஹாஜிரா. ‘கருணைக் கடலே’ என்று தொடங்கி இரண்டு பக்கம். பாங்கி மேனேஜர் குப்புராஜ் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

[குப்புராஜை முதலில் கல்நெஞ்சராக எழுதினேன். அடித்துவிட்டேன். பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.]

“நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா படிச்சு முடிச்சும் எனக்குப் பயம் போவல. காய்க்கலேன்னா என்னன்னு மேலாபீசுல கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?”

3

சாயங்காலம். புளியிலைகள் கைகூப்பினாற்போல் மூடிக்கொள்ளும் நேரம். மரத்தடியில் உட்கார்ந்து ஹாஜிரா புதுத் தாளில் முதல் வரி எழுதினாள்: ‘அடுத்த வருஷம் காய்ப்பு பாதிதான் இருக்கும்.’ (புளி ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறுவருஷம் ஓய்ந்துவிடும்.)

தாவூது பதறினான். “அடிப்பாவி! பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தின்னு சொல்றாப்பல இருக்குது.”

“என்னெப் பாக்க வந்தப்போ எங்கம்மா அதத்தான மொதல்ல சொன்னாங்க? நீங்க ஓடியா போயிட்டீங்க?”

“ஓடியிருக்கணும். சரி, அந்த வரியக் கடைசில போட்டுடு.”

“கடைசில போட்டா ஒளிச்சு வெச்சாப்பல ஆவுதுங்க. அவரு பயப்படறதே அதுக்குத்தான. மொதல்லயே இருக்கட்டும்.”

அடுத்து எழுதினாள்: ‘ஆகவே இந்த வருஷப் புளியில் பாதியை உப்புப் போட்டு* வைத்திருப்போம். காய்ப்பு குறைந்தால் விலை ஏறும். அப்போது விற்றுக் கடனை அடைப்போம்.’

ஒரு பூ வந்து ‘பாதி’ என்ற சொல்லின் மேல் விழுந்தது. ஊதித் தள்ளினாள். (நான்தான் விழவைத்தேன். பழக்கம் விடவில்லை.)

* பழம்புளி கறுக்கும், கெடாது. ரசத்துக்கு அதுதான் ருசி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

4

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கையெழுத்து விழுந்ததும் ஊரே… இன்னொன்றில், கொத்துக் கொத்தாய்ப் பூ உதிர, தாவூது சேலத்து பஸ்ஸில்… இரண்டும் ‘கருணைக் கடலே’ சாதிதான்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை குப்புராஜ் முதல் வரியைப் படித்தார். நிமிர்ந்து ஹாஜிராவைப் பார்த்தார். மறுபடி குனிந்து கடைசி வரிவரை போனார். பேனா மூடியைத் திறந்து வைத்துவிட்டு, எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள். தாள் அங்கேதான் இருக்கிறது, ஒரே பக்கம். வாசலில் தாவூது செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். நாளை ஏலம்.

அடுத்த வருஷம் காய்ப்பு பாதிதான். உங்களிடம் அதை யாரும் மறைக்கவில்லை.