ஐயாயிரத்துத் தொள்ளாயிரமாவது கதவு

"வியாழக்கிழம வீட்ட வுட்டு எங்கயும் போவாதன்றாருடா. வியாழக்கிழமன்னு அவுருக்கு யார்டா சொன்னா?"

"நான் சொல்லலக்கா."

"நீ சொல்லலன்னா வேற யாரு? இந்த விஷயம் தெரிஞ்சது உனுக்கும் எனுக்கும்தான்."

"சாமி சத்தியமா சொல்லல. மச்சான் எனுக்கு போன் பண்ணியே ரெண்டு மாசம் ஆவுது."

"அப்ப இந்தப் பொட்டியே எழுந்து போயி சொல்லிச்சா?"

பொட்டி என்று பத்மினி சொன்னது கம்ப்யூட்டரை. ஆத்திரத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் போனின் இந்தப் பக்கத்தில் தணிகைவேல் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவன் உட்கார்ந்திருந்தது திருப்பதி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரில். அங்கேதான் வேலை. இருபத்தோரு வயது. எதைக் கையில் கொடுத்தாலும் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கத் தெரியாதவன். அக்கா பத்மினி சித்தூரில் மாமனாரோடு இருந்தாள். அவள் புருஷன் கோபிகிருஷ்ணன் குவைத்தில் ஏசி மெக்கானிக். 2004-ல் லீவில் வந்தபோது, முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசை ஆசையாக வாங்கிப் போட்டுவிட்டுப் போனதுதான் அந்தக் கம்ப்யூட்டர். ஒயர் இழுத்து, கேமரா மாட்டி, ஃபயர்வாலை ஆன் செய்து, "இனிமே எலி கூட உள்ள பூராதுக்கா" என்று மார்தட்டிக்கொண்டது தணிகைவேல். மறு வருஷம் பிராட்பேண்டும் வந்தது.

அதே கம்ப்யூட்டரில்தான் பத்மினி தனக்கு ஒரு வேலைக்கு மனு அடித்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. திருப்பதியில் புதிதாக முளைத்த ஆபீஸ். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு என்று மெயில் வந்திருந்தது. பிஎஸ்சி முடித்து நாலு வருஷமாக வீட்டோடு இருக்கிறவள். வேலை கிடைத்தபிறகு புருஷனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கமுக்கமாக இருந்தாள். இப்போது அவன் குவைத்திலிருந்து கிழமையோடு சொல்கிறான்.

"எனுக்கு பயமா கீதுடா," என்றாள் பத்மினி. "யாரோ முதுவுக்குப் பின்னால நின்னு படிக்கற மாதிரியே கீது. இது இன்னான்னு தெரியாம நான் இன்டர்வியூவுக்குப் போவ மாட்டேன்."

"அந்தப் பேச்சே வேணாம். சாயங்காலத்துக்குள்ள கண்டுபுடிக்கறேன். இப்ப நான் சொல்ற சைட்ட தொற. அதுல உன் கம்ப்யூட்டரோட விலாசம் நாலு துண்டா ஒரு நம்பரா வரும். அத படி."

அவள் ஒவ்வொரு எண்ணாக இங்கிலீஷில் படித்தாள். அவன் ஒரு தரிசன டிக்கெட் பிரிண்ட்-அவுட்டின் முதுகில் எழுதிக்கொண்டான்.

அவன் செய்யப்போனது இதுதான். நெட்டில் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் கதவுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் நம்பர் இருக்கும். ஃபயர்வால் சரியாக இருந்தால் வெளியிலிருந்து எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து மூச்சு வராது. அப்படி ஒரு வீடே இல்லை என்பதுபோல் இருக்கும். தட்டிப் பார்ப்பதற்கென்றே ஒரு புரோகிராம் அவனிடம் இருந்தது. இருந்ததே தவிர, சென்டர் கம்ப்யூட்டர்களைத் தவிர வேறெதிலும் போட்டுப் பார்த்ததில்லை. சொந்த அக்கா வீட்டுக் கதவையே தட்டப்போகிறோம் என்றதும் கை குறுகுறுத்தது.

ஓடவிட்டான். முதல் நூறு, பதில் இல்லை. ஐந்நூறு, இல்லை. ஆயிரம், இல்லை. மூவாயிரம் தாண்டியும் இல்லை. அவனுக்கு ஒரு பக்கம் பெருமை. மறு பக்கம், சுவர் இவ்வளவு கெட்டியாக இருந்தால் அக்கா சந்தேகப்படப்போவது மறுபடியும் தன்னைத்தான் என்ற எரிச்சல்.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒரு பச்சை எழுத்து வந்தது. ஓப்பன்.

அந்த நம்பர் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். ஒரு கம்ப்யூட்டரின் திரையை இன்னொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படியே பார்க்கலாம், மவுஸைக்கூட நகர்த்தலாம். அதற்கு ஒரு புரோகிராம் உண்டு. அது காத்திருக்கிற கதவு. பெரிய கம்பெனிகளில் வைத்துக்கொள்வார்கள். சித்தூரில் ஒரு வீட்டில் எதற்கு?

தொடர்பு கொடுத்தான். பாஸ்வர்ட் கேட்டது. gopi என்று அடித்தான். தப்பு. கொஞ்சம் யோசித்து padmini என்று அடித்தான்.

திறந்தது.

காணிப்பாக்கம் பிள்ளையார் படம் போட்ட அக்காவின் திரை, நாற்பத்து மூன்று மைலுக்கு அப்பாலிருந்து அவன் முன்னால் வந்து நின்றது. அதில் அந்த நேர்முகத் தேர்வு மெயில் விரிந்து கிடந்தது. 'தர்ஸ்டே, டென் ஏஎம்.' மவுஸை லேசாக ஒரு வட்டம் சுற்றினான்.

போனில் பத்மினி அலறினாள். "டேய்! அம்பு தானா ஓடுதுடா!"

"அலறாதக்கா. நான்தான்."

"நீயா? நீ திருப்பதியில இல்ல கீற?"

"திருப்பதியில இருந்துதான் ஓட்டறேன். நான் பாக்கற மாதிரி இன்னொருத்தன் பாத்துக்கினு கீறான். பாஸ்வர்டு இன்னா தெரியுமா? உன் பேரு."

எதிர்ப்பக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"என் பேர பாஸ்வர்டா வெக்கறவன் வெளியாளா இருப்பானாடா?" என்றாள் பிறகு, மெதுவாக.

மறுநாள் காலை பஸ்ஸில் தணிகைவேலுக்கு உட்கார இடம் கிடைத்தும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு விஷயம் குடைந்துகொண்டிருந்தது. புரோகிராம் தானாக வந்து உட்காராது. அப்படியே வந்தாலும் ஃபயர்வால் சும்மா விடாது. முதல் தடவை அது கதவருகே வந்து நிற்கும்போதே திரையில் ஒரு பெட்டி காட்டிக் கேட்கும். கேட்டபோது யாரோ 'விடு' என்று சொல்லியிருக்கிறார்கள். மச்சான் குவைத்தில். அக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டில் பாக்கி இருப்பது ஒரே ஆள். புத்தலப்பட்டு தாண்டும்போது அந்த ஆளின் முகம் ஜன்னல் கண்ணாடியிலேயே தெரிவது போலிருந்தது.

பத்மினியின் மாமனார் செங்கல்வராயன் சித்தூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் முப்பது வருஷம் டிக்கெட் கவுண்டரிலும் வாசலிலும் இருந்தவர். இன்றைக்கும் யாராவது வாசலில் நின்றால் கையில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

"ஏம்பா தணிகை, துன்னியா? கண்ணெல்லாம் செவந்துகினு கீதே," என்று வரவேற்றார்.

"துன்னேன் மாமா." அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே போய் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

ஃபயர்வாலில் 'இவர்களை மட்டும் விடலாம்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் நடுவில் இருந்தது அந்த புரோகிராம், பக்கத்தில் டிக் அடித்து. புரோகிராம் ஏறிய தேதியைப் பார்த்தான், இருபத்தாறு நாளுக்கு முன்னால். அன்றைக்கு பத்மினி நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

தணிகைவேல் திரும்பினான். "மாமா, இத யாரு போட்டது?"

"நான்தான்," என்றார் செங்கல்வராயன், கொஞ்சமும் தயங்காமல். "கோபி மெயில்ல அனுப்பனான். போன்ல அவன் சொல்லச் சொல்ல நெக்ஸ்ட்டு நெக்ஸ்ட்டுனு அமுக்கனேன். பொட்டி வேகமா ஓடும்னான். பாஸ்வர்டு வெக்கச் சொன்னான், பத்மினின்னு வெச்சேன். ஏன், வேகமா ஓடலியா?"

கதவோரம் நின்றிருந்த பத்மினி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அப்பறம் ஒரு பெட்டி வந்திருக்குமே மாமா? மூணு பட்டனு?"

"வந்துது. அது கோபி சொல்லல, நானா யோசிச்சி போட்டேன்." பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணுல 'கீப் பிளாக்கிங்'னு இருந்துது. இன்னொண்ணுல 'அன்பிளாக்'. நான் எத அமுக்குவேன்? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு டிக்கெட் பிளாக்ல வுட்டவன் இல்ல. எவனோ மொட்ட பெட்டிஷன் போட்டு, ஓனர் என்கொயரி வெச்சி, அதுலயும் ஏமி லேது, ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தாங்க. பிளாக்கே வேணாம், நேர்மையா வரட்டும்னு அன்பிளாக் அமுக்கனேன்."

தணிகைவேலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் நாற்பத்து மூன்று மைலும் இவரைத் திருடன் என்று திட்டிக்கொண்டே வந்திருந்தான். ஃபயர்வால் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. வாசலில் நிறுத்தி, உள்ளே வந்து கேட்டிருக்கிறது. கேட்ட இடத்தில் இருந்தவர் ஒரு யோக்கியர், அதுதான் விவகாரம்.

"மாமா, அது டிக்கெட் பிளாக் இல்ல. பிளாக்னா தடுக்கறது. ரோட்டுல கல்லு வெச்சி அடைக்கறாங்களே, அந்த பிளாக்கு. அன்பிளாக்னா கேட்ட தொறந்து வுட்டுட்டோம்னு அர்த்தம். நீங்க தொறந்து வுட்ட வழியா மச்சான் குவைத்துல ஒக்காந்துகினு அக்கா இன்னா எழுதறா, இன்னா படிக்கறா, எல்லாத்தையும் பாத்துக்கினு கீறாரு."

செங்கல்வராயனின் முகம் மெல்ல மாறியது. மருமகளைப் பார்த்தார். "அவ எழுதறதயா?"

"ஆமா மாமா," என்றாள் பத்மினி. ஒளிப்பதில் இனி அர்த்தமில்லை என்று தோன்றியதோ என்னவோ, எல்லாவற்றையும் சொன்னாள்: மனு, மெயில், வியாழக்கிழமை, போகாதே என்றது. "நீங்களும் வேணான்னா போவல மாமா. ஆனா முதுவுக்குப் பின்னால ஆள் நிக்கற வீட்டுல என்னால ஒக்கார முடியாது."

அப்போதுதான் தணிகைவேல் திரையின் மூலையைப் பார்த்தான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சின்னம் கறுப்பாக மாறியிருந்தது. யாராவது உள்ளே வந்து பார்க்கும்போது மட்டும்தான் அது கறுப்பாகும்.

"மாமா," என்றான் தணிகைவேல், திரைக்குக் காது இருப்பதுபோல் குரலைத் தாழ்த்தி. "இப்ப பாத்துக்கினு கீறாரு."

மூன்று பேரும் அந்தச் சின்னத்தையே பார்த்தார்கள். அம்பு அசையவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது பிள்ளையார் படத்தின் வழியாகவே தெரிவது போலிருந்தது.

"நவுருப்பா," என்றார் செங்கல்வராயன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்க அமுக்கணும்?"

"அந்த டிக்க எடுத்துட்டு, ஓகே. அப்பறம் அந்த புரோகிராமையே கழட்டிடலாம்."

"டிக்கெட் இல்லாம உள்ள வந்தா மொதலாளி மவனையே வெளிய அனுப்பனவன் நான். இவன் என் மவன்தானே," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் மவுஸைப் பிடித்து டிக்கை எடுத்தார். சின்னம் வெளுத்தது. மருமகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வியாழக்கிழம ஏழு மணி பஸ்ஸுக்கு நான் கூட வர்றேன். கொட்டகைக்கு வந்த படத்த எல்லாம் வாசல்ல நின்னே பாத்தவன், ஆபீஸ் வாசல்ல நிக்க மாட்டனா?"

தணிகைவேல் திருப்பதிக்குத் திரும்பிய கையோடு மறுபடி எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தான். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்திலும் மூச்சு இல்லை.

வியாழக்கிழமை தேர்வு நடந்தது. அன்றைக்கே கையில் லெட்டர் கொடுத்துவிட்டார்கள், ஒண்ணாம் தேதி சேரும்படி. வெள்ளிக்கிழமை தணிகைவேல் லீவு போட்டுவிட்டு சித்தூரில் வந்து உட்கார்ந்திருந்தான். பதினோரு மணிக்கு போன் அடித்தது. செங்கல்வராயன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"நைனா, எப்டி கீற?" கோபிகிருஷ்ணனின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மழை பெய்ததா என்று கேட்டான். கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டான். அப்புறம் தொண்டையைச் செருமினான். "நைனா… கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் தொட்டியா?"

"ஏன்டா," என்றார் செங்கல்வராயன். "படம் தெரியலியா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று தணிகைவேல் எட்டிப் பார்த்தான். கட்டாகவில்லை. குவைத்தில் எங்கோ ஒரு ஏசி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பத்மினி… கீறாளா?" என்றான் கோபி கடைசியில்.

பெரியவர் ரிசீவரை மருமகளிடம் நீட்டினார். தணிகைவேல் "கேட்டுடு, கேட்டுடு" என்று வாயை அசைத்தான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். புருஷனே வாயைத் திறந்து சொல்லட்டும் என்பதுபோல. ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் அந்த லெட்டர். அவள் முதல் வார்த்தையாக எதைச் சொல்லலாம்: வேலை கிடைத்ததையா, கதவைப் பார்த்துவிட்டதையா? அந்த ரிசீவர் உங்கள் கையில் இருந்தால், நீங்கள் எதைச் சொல்லியிருப்பீர்கள்?