செயலாளரின் குரல் குப்பைக்குப் போன வரலாறு

ஊர் கூடிச் சொன்னால் தவறாகாது என்பது மனித குலம் பட்டுத் தெளிந்த பேருண்மை. அப்படி ஊர் கூடிச் சொன்னதால்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அந்தக் குடியிருப்புக்காரர்கள் யார் காதிலும் விழாமல் போயிற்று.

யாருக்கும் அவர்மேல் விரோதம் கிடையாது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதானாலும் உலக அமைதியில் தொடங்கித்தான் மின்னஞ்சல் எழுதுவார், அவ்வளவுதான். குடியிருப்பு முழுவதற்கும் ஒரே அஞ்சல் ஏற்பாடு. ஒரு கடிதத்தைப் போதுமான பேர் குப்பை என்று குறித்தால் மீதிப் பேருக்கும் அது நேரே அஞ்சலின் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். அழிக்கும் பொத்தான் மிளகளவில் மூலையில் இருந்தது. குப்பைப் பொத்தான் சிவப்பாக, கட்டைவிரலுக்கு வாகாக இருந்தது. படித்ததைப் பெருக்கித் தள்ள எல்லோரும் அதையே அழுத்தினார்கள். ஏற்பாடு பாடம் கற்றுக்கொண்டது. முதலில் அவருடைய கடிதங்கள் போயின, பிறகு அவர் கதவு தட்டும் ஓசை, கடைசியில் குரல். முகம்கூடச் சுவரில் வெளுத்துப்போன விளம்பரம் மாதிரி ஆகி, பார்த்தவர் கண் தானாக வழுக்கிக்கொண்டு போயிற்று. வெளியாட்களுக்கு மட்டும் அவர் குரல் பழையபடியே கேட்டது. மூன்று நாளாகியும் அவர் எதையும் உணரவில்லை. தாம் பேசும்போது யாரும் குறுக்கிடாததை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அவள், "பயமா இருக்குங்க, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள். அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். கதவு மூடும்வரை அவள் அவர் இருக்கும் திசையில் தேடினாள்.

ரத்தம் நிற்கவில்லை. அது அரிய வகை. ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. பொழுது சாய்வதற்குள் யாராவது கொடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மூன்றாம் மாடியில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பெண்ணுக்கு அதே வகை. தன் கார்க் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருந்தாள். "எங்க சங்கத்துல என் ஒரு வார்த்தை போதும்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுச் செயலாளர் ஓடினார்.

கை வலிக்கக் கதவை இடித்தார். வகுப்புக்குக் கிளம்பிய அவளே தற்செயலாகத் திறந்தாள். "என் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்காம்மா" என்று கதறினார்.

"யாருடி அது?" என்றான் உள்ளேயிருந்து அவள் கணவன்.

"யாருமில்லங்க. ஏதோ தள்ளுபடி மாதிரி இருந்துச்சு."

"வாங்கித் தொலைக்காத."

அவர் அவள் காலில் விழுந்தார். ஈர மிதியடியைத் தாண்டுவதுபோல அவரைக் கவனமாகத் தாண்டி அவள் படியிறங்கினாள். பையைப் பிடித்து இழுத்தார்; கம்பியில் மாட்டியதென்று விடுவித்துக்கொண்டாள்.

கீழே தையல்காரர் நின்றிருந்தார். வழுக்கைத் தலையர், குப்பைப் பெட்டிக்கு வரும் முடி வளர்க்கும் தைல விளம்பரங்களை ஒன்று விடாமல் படிப்பவர். அதனால் குப்பைக்குப் போனதெல்லாம் அவருக்குக் கேட்கும். "ஏன் சார் இப்படிக் கத்துறீங்க, காது கிழியுது" என்றார். விஷயம் தெரிந்ததும் அவளைக் கூவி நிறுத்திச் சொன்னார்.

"அட, வாயத் திறந்து கேட்டிருந்தா அப்பவே வந்திருப்பேனே! நாக்கை என்ன அடகா வச்சிருக்காரு?" என்று காரைக் கிளப்பினாள்.

மனைவி பிழைத்தாள். இன்றும் மாலையில் தையல்காரர் வந்து, "சாப்ட்டியான்னு கேக்குறாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். லிப்ட் ஓடாததைப் போல இதுவும் எல்லோருக்கும் பழகிவிட்டது. எல்லா உறுப்பினர்களும் அவருடைய கடிதம் ஒன்றைத் திறந்து 'குப்பை அல்ல' என்று அழுத்துவது என அவசரக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை மின்னஞ்சலில் நினைவூட்டுவது, சங்க விதிப்படி, செயலாளரின் வேலை. நினைவூட்டினார். தையல்காரர் அழுத்தினார், ஒருவர் சொன்னால் போதாது. மற்ற எல்லோருடைய குப்பைப் பெட்டியிலும் அந்தக் கடிதம் திறக்கப்படாமல் கிடக்கிறது. செயலாளருடையதிலும்.