ரமிஸ் சொல்ல வேண்டிய வார்த்தை

அண்ணன் பெக்கிரின் உடல் இருந்த சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கும்போதுகூட முன்பக்கத்தை ரமிஸுக்கு விடவில்லை. "சாச்சா, உங்க முதுகுக்கு ஆகாது, தள்ளிக்குங்க," என்று அண்ணன் மகன் இலிர் அவரை ஒதுக்கிவிட்டான்.

ரமிஸுக்கு வயிறு எரிந்தது. செத்தும் பெக்கிருக்கு என்ன கூட்டம்! சொந்த நாட்டு அல்பேனியர்கள் வந்தது சரி. கரும்புத் தோட்டத்து இத்தாலியர்களும் மேயரும்கூடத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "பெக்கிர் கட்டின பள்ளிவாசல்" என்று காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

கட்டினாராம்! ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா வந்து இறங்கியவர்கள்தான் இருவரும். பெக்கிர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நிலம் வாங்கினார். பகலெல்லாம் தோட்டத்தில் புகையிலை பறித்துப் பிசின் ஏறிய கையோடு சாயங்காலங்களில் செங்கல் அடுக்கியது ரமிஸ். அதைக்கூட விட்டுவிடலாம். திறப்பு விழா அன்று, "பொகையிலை காயுற சூளை அணைஞ்சா இலை அத்தனையும் வீணாப்போகும்டா, நீ இருந்து பாத்துக்க," என்று தம்பியைத் தோட்டத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார். வாசலில் மாட்டியிருக்கும் விழாப் படத்தில் ஊரே இருக்கிறது, ரமிஸ் இல்லை.

தொழுகை முடிந்தது. சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் இமாம் வழக்கம்போலக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் உங்களுக்கு ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா பொறுத்துக்கிட்டீங்களா?"

"பொறுத்துக்கிட்டோம்!"

மறுபடி கேட்டார். மறுபடியும் முற்றம் முழங்கியது. ரமிஸ் வாயைத் திறக்கவில்லை.

"சாச்சா, நீங்க சொல்லலையே?" என்றான் இலிர்.

"உங்கப்பா ஒருநாளும் என்கிட்ட கேக்கலையே."

சத்தமாகவே சொல்லிவிட்டார். தூக்க வந்தவர்களை இமாம் கைகாட்டி நிறுத்தினார். "கூடப் பொறந்தவர் மனசுல வச்சிருக்கும்போது எப்படிங்க தூக்கறது?"

கூட்டம் மொத்தமும் ரமிஸைப் பார்த்தது. "யாரு அது?" என்று மேயர் கேட்க, "தம்பி. ரமிஸ்," என்று யாரோ சொன்னார்கள். அவர் பெயர் பின்வரிசை வரை போனது. சந்தூக்கை ஒருவரும் பார்க்கவில்லை. ரமிஸ் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். நிற்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் நிற்கட்டும்.

இலிர் அவர் கையைப் பிடித்தான். "சாச்சா, அப்பா வெயில்ல கெடக்கறாரு."

ரமிஸ் சந்தூக்கைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொறுத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான். எல்லா முகமும் சந்தூக்கின் பக்கம் திரும்பியது. தோள் கொடுக்க முண்டியடித்து ஓடியவர்கள் ரமிஸை இடித்துக்கொண்டு போனார்கள்.