எட்டாம் மாடிக்கு ஒரு ஸ்ட்ரோலர்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் பினாங்கு பெற்றோர் குழுவில் ஒரு பெண், "பிறந்த பிள்ளைக்கு எந்த ஸ்ட்ரோலர் நல்லது?" என்று கேட்டிருந்தார். நான் ஐந்து வரியில் பதில் போட்டேன். மூன்று லைக் விழுந்தது. அடுத்த வாரமே அதே குழுவில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார். சரி, வெறும் ஆலோசனை யார் மண்டையிலும் தங்காது, ஒரு ஆளை வைத்துச் சொன்னால் தங்கலாம் என்று நினைத்து ராமதாஸை உண்டாக்கினேன்.

(நான் எழுத்தாளன் இல்லை. அடித்ததையும் அழித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "ஜார்ஜ் டவுனில் மழை விட்டிருந்த ஒரு மாலையில்" — வேண்டாம். மழைக்கும் ஸ்ட்ரோலருக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது: "தாய்மாமன் என்கிற உறவு இருக்கிறதே, அது" — இது மண்டபத்தில் மைக் பிடித்தவர் பேசுகிற பேச்சு.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்: ராமதாஸ் மூன்று கிலோ அரிசியைக் கைலியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தைச் சாமான் கடைக்குள் நுழைந்தார்.

ராமதாஸுக்கு நாற்பத்தெட்டு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். அவருடைய தங்கை ஷர்மினி, எட்டு வருடம் காத்திருந்து, ஆபரேஷனில் ஒரு பெண் குழந்தை பெற்று இருபத்துமூன்று நாள் ஆகிறது. முப்பதாம் நாள் சாமி கும்பிடும்போது தாய்மாமன் தொட்டில் கொண்டுவர வேண்டும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஸ்பிரிங் மாட்டிய சாரோங் தொட்டில், கைலித் துணியில் கட்டியது, ஆடுகிறது. அதனால் ஸ்ட்ரோலர் வாங்கித் தருவதாகச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதுவும் பெரிதாக.

"என்ன அண்ணே, கையில பார்சலு?" என்றாள் கடையில் விற்பனைக்கு நின்ற ஃபஸீலா.

"அரிசிம்மா. பாப்பா வெயிட்டுக்குச் சரியா நிறுத்து எடுத்தாந்தேன். வச்சுத் தள்ளிப் பாக்கலாம்லா."

"ஆலாமா! இத்தன வருஷத்துல அரிசியத் தள்ளிட்டுப் போக வந்த ஆளு நீங்க ஒருத்தருதான்."

3

(ஃபஸீலாவை முதலில் வாய் ஓயாமல் விலை சொல்லும் விற்பனைப் பெண்ணாக எழுதினேன். அவள் அப்படி இருக்க மறுத்துவிட்டாள். இரண்டு பிள்ளை பெற்றவள்.)

கடை நடுவில் ஒரு பெரிய வண்டி நின்றது. கருநீலம். சக்கரத்தில் வெள்ளி மினுக்கு. கைப்பிடிக்குத் தோல் உறை. ராமதாஸ் நேரே அதனிடம் போனார். அரிசியை நிமிர்த்தி உட்கார வைத்துப் பட்டியைப் போட்டார்.

"பாப்பா ஒக்காந்து ஊரப் பாக்கட்டும். ஊரும் பாப்பாவப் பாக்கட்டும்."

"அண்ணே, அரிசிக்குக் கழுத்து இருக்கா?"

"என்னாது?"

"பச்சப் பிள்ளைக்குக் கழுத்து நிக்காதுல. ஒக்கார வச்சா தல முன்னால தொங்கிடும். நீங்களே தாடைய நெஞ்சில ஒட்ட வச்சுட்டு மூச்சு இழுத்துப் பாருங்க."

ராமதாஸ் தாடையை நெஞ்சில் பதித்து மூச்சு இழுத்தார். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், அவரே இருக்கையின் பின்பக்கத்தைத் தட்டையாகச் சாய்த்து, அரிசியை இரண்டு கையாலும் ஏந்திப் படுக்க வைத்தார்.

"ஆறு மாசம் கிட்ட இப்பிடித்தான், படுக்கையாவே," என்றாள் ஃபஸீலா. "தோளு, இடுப்பு, காலு நடுவுல, அஞ்சு பட்டியும் போடணும். நின்னா ப்ரேக் மிதிக்கணும். பாசார்ல வாங்குன காய்கறிப் பைய எல்லாம் கைப்பிடியில மாட்டாதீங்க, பிள்ளையத் தூக்குனதும் வண்டி பின்னால கவுந்துடும். வெயிலு, கண்ணு படும்னு துணிய வேற போட்டு மூடுவாங்க. மூடாதீங்க. உள்ளாற அடுப்பு மாதிரி ஆயிடும்."

(குழுவில் நான் போட்ட ஐந்து வரி இதுதான். இவள் சொன்னால் கேட்பீர்கள்.)

"அப்ப இதையே கட்டுங்க," என்றார் ராமதாஸ், பெரிய வண்டியைத் தட்டி.

4

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதிக் கோப்பையில்தான் உறைத்தது. வண்டியைத் தள்ளப்போகிறவள் இன்னும் கதைக்குள் வரவே இல்லை!

ஷர்மினி பத்தியத்தில் இருக்கிறாள். முப்பது நாள் வாசல் தாண்டக்கூடாது. சீர் வந்து இறங்கும் நாள்வரை அவள் அதைத் தொட்டுப் பார்க்க வழி இல்லை. வழக்கம் அவளை வீட்டுக்குள் வைத்தது, நானும் கூடச் சேர்ந்து வைத்துவிட்டேன். ஆகவே ராமதாஸின் கைபேசியை அடிக்க விடுகிறேன். வீடியோ கால்.

"காட்டுங்கண்ணே... ரொம்ப அழகா இருக்கு. தூக்கிப் பாத்தீங்களா?"

"தள்ளுற வண்டிய எதுக்குமா தூக்கணும்?"

"எங்க பிளாட்டுல லிஃப்ட் எங்க நிக்குது?"

ராமதாஸ் விரல் விட்டு மாடியை எண்ணினார். ஆயர் ஈத்தாமில் அது பழைய பிளாட். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஆறில் நிற்கும், அடுத்து பதினொன்றில். ஷர்மினி இருப்பது எட்டில். அவர் வாரம் ஒரு முறையாவது ஏறுகிற படிதான். ஆனால் வெறுங்கையோடு ஏறுகிறவருக்குப் படி ஞாபகம் இருக்குமா?

"முப்பது முடிஞ்சதும் எனக்குப் பத்தியம் பாக்குற லெட்சுமி அத்தை செபராங் ஜெயாவுல அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். கிளினிக்குக்கு நானும் பாப்பாவும் மட்டுந்தான். அவள நெஞ்சோட கட்டிக்குவேன், வண்டிய மடிச்சு ஒரு கையில தூக்கணும். எனக்குக் கீழ எறங்கணும்ணே. யாரையும் கூப்புட்டுட்டுக் காத்துக்கெடக்காம."

ராமதாஸ் அரிசியைக் கைலியோடு நெஞ்சில் கட்டிக்கொண்டார். பெரிய வண்டியை மடித்தார். மடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. கடையின் மாடிப்படியில் ஏறினார். முதல் திருப்பம் வரை மீசையை முறுக்கிக்கொண்டு போனார் என்று எழுதலாம். இரண்டாவது திருப்பத்தில் சக்கரம் முழங்காலில் இடித்தது, மூச்சு வாங்கியது, நின்றுவிட்டார். பஸ் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. வயிற்றில் தையலும் இல்லை.

"அண்ணே, ஓகேவா?" கீழிருந்து ஃபஸீலா.

"ஓகே இல்லமா. வேற காட்டு."

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதுவும் தட்டையாகச் சாய்ந்தது. ஐந்து பட்டி. ஒரு கையால் மடிந்தது. எடை ஆறு கிலோ. பெரிய வண்டியில் பாதிகூட இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். "அவருடைய மனம் நெகிழ்ந்து" — இல்லை. "இதையே பேக் பண்ணுமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

5

முப்பதாம் நாள் எல்லோரும் பாராட்டினார்கள் என்று எழுதி அழித்தேன். காரணம், போனை வைக்கும் முன்னால் ஷர்மினி சொன்ன ஒரு வரி: "நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே." பத்தியத்தில் கிடந்துகொண்டே சீருக்கு ஆர்டர் போட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அந்த வீட்டில் அது பாப்பா பள்ளிக்கூடம் போகிறவரை ஓடும்.

கூடம் நிறைய ஆள். ராமதாஸ் பெட்டியைப் பிரித்து வண்டியை விரித்தார். லெட்சுமி அத்தை, மாப்பிள்ளையின் அத்தை, சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, மாமன் சீரு மாமன் சீருன்னீங்க. பொம்மைக்கு வாங்குன மாதிரி இருக்கு? எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பெருசா ஒண்ணு கெடைக்கலையாக்கும்?"

நாலு பேர் சிரித்தார்கள்.

(மாப்பிள்ளை கோகுலன் வாய் திறந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் சமையற்கட்டில் சாம்பார்ப் பானையை இறக்கிக்கொண்டிருக்கிறார். நான்தான் அனுப்பினேன். அவர் பேசினால் கதை சுலபமாகிவிடும்.)

முடிவு ஒன்று: "ஷர்மினிதான் இத எடுக்கச் சொன்னா." உண்மை. அண்ணன் பெயர் தப்பிக்கும், தங்கை பெயர் போகும்.

முடிவு இரண்டு: "கையில அவ்வளவுதான் இருந்துச்சு அத்தை." பொய். தங்கை தப்பிப்பாள். இதோடு முடிக்கத்தான் எனக்கு ஆசை, படிக்கிறவர்களுக்கும் கண் கலங்கும். ஆனால் அந்த இரண்டு மாடிப் படியைப் பற்றி அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அடுத்த சாமானையும் அவளைக் கேட்காமல் வேறு யாரோ பெரிதாக வாங்கி வருவார்கள்.

முடிவு மூன்று: கழுத்து, பட்டி, ப்ரேக் என்று ராமதாஸ் பாடம் நடத்துகிறார். "பஸ் ஓட்டுறவரு டாக்டர் ஆயிட்டாரு" என்பார் அத்தை. எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

நாலாவது எனக்கு வரவில்லை. மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதனால் இங்கே நிறுத்துகிறேன்:

ராமதாஸ் வண்டியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "அத்தை," என்றார், "

மேற்கோள் குறியை மூடவில்லை. அந்த வரி உங்களுடையது. நீளமாக வேண்டாம், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியது. எழுதும்போது ஷர்மினியை மறந்துவிடாதீர்கள். பாயில் உட்கார்ந்து பாப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போடுகிறாள். தலை நிமிரவில்லை. உங்கள் வரியைக் கேட்டபிறகு அவள் நிமிர வேண்டும்.