தொமியேவின் வானம்

வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு குவபாரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பனி உறைந்த படியில் வழுக்கியதன் பலன். அவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். நான் கணக்கு ஆசிரியர். ஊரின் பனிக்காலத்தை மூன்று மாதமாக மரப்பலகைகளில் செதுக்கியிருந்தார்: மலையடிவாரக் கூரைகள், வேலியில் உலரும் முள்ளங்கி, மேலே பெரிய வெற்று வானம். டோக்கியோ கண்காட்சிக்கு இது ஆறாவது முயற்சி. ஐந்து முறையும் படம் திரும்பி வந்துவிட்டது. தபாலில் சேர்க்க இன்னும் மூன்று நாள்தான். பலகைகள் தயார், அவற்றைத் தாளில் அச்சிடக் கை இல்லை.

கண்காட்சிக்கு ஒரே விதி. வரைந்தவரே செதுக்க வேண்டும், செதுக்கியவரே அச்சிட வேண்டும். பழைய பட்டறைகளைப் போல ஆளுக்கொரு வேலை கூடாது. அந்த விதியின் பெருமையை எனக்கு மணிக்கணக்கில் விளக்கியவரே அவர்தான்.

கடைசியில் அச்சிட்டது அவர் மனைவி தொமியே. பட்டு ஆலையில் பதினோரு வருடம் வெந்நீரில் மிதக்கும் கூடுகளிலிருந்து நூலிழை தேடியெடுத்த விரல்கள். பலகையில் நீலம் தடவி, ஈரத்தாளைப் படியவைத்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தேய்ப்பானால் தேய்த்தாள். கூரைகளை அழுத்தித் தேய்த்தவள், வானத்துக்கு வந்ததும் கையை லேசாக்கினாள். தாளை உரித்தபோது மரத்தின் ரேகைகள் வானமெங்கும் மங்கலாக ஓடின. படத்தில் சற்று நேரத்தில் பனி விழப்போவது தெரிந்தது. குவபாரா தேய்க்கும் வானம் எப்போதும் சுவர் போல நிற்கும்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "யாரு சொல்லி லேசா தேச்ச?"

"யாரும் சொல்லல. பனி வர்றப்போ வானம் அப்படித்தானே இருக்கு. நீங்க குனிஞ்சு செதுக்கிட்டே இருந்தா அதை எப்பப் பாக்குறது?"

விண்ணப்பத்தில் 'அச்சு' என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதச் சொன்னேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று தொமியேவும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கைக்கட்டை அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவரே ஒரு பிரதி தேய்த்தார். மறுபடியும் சுவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை அடுப்பு பற்றவைக்கக் கொடுத்தார். பிறகு விண்ணப்பத்தின் அந்த இடத்தில் இடது கையால், கோணல்மாணலாக, 'தொமியே' என்று எழுதினார்.

"திருப்பி அனுப்பிடுவாங்க," என்றேன்.

"அனுப்பட்டும். படத்துக்குத்தான் திரும்பி வர வழி தெரியுமே."

படத்தை உறையில் போட எடுத்தபோது, பலகையைத் துடைத்ததில் நீலம் ஒட்டியிருந்த தொமியேவின் கட்டைவிரல் வெள்ளை ஓரத்தில் பதிந்துவிட்டது. ஓரம் கறைபட்ட எந்தப் பிரதியையும் அவர் வைத்துக்கொண்டதில்லை. அவள் பதறி, தான் தேய்த்த வேறொரு பிரதியை எடுக்கத் திரும்பினாள். அவர் இடது கையை நீட்டித் தடுத்தார்.

அவர் பெயர் பொறித்த சிவப்பு முத்திரைக்குப் பக்கத்தில், இன்னும் காயாமல், அவள் விரலின் நீல ரேகைகள் மின்னிக்கொண்டிருந்தன.