மூன்றாம் நம்பர் லைன்

"இதை யாரு வாங்கினது?" என்று மச்சான் கேட்டார். குளத்தங்கரையில் நின்றுகொண்டு, தங்கையின் தூண்டிலில் தொங்கிய லைனை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபம்கூட இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டார்.

வாங்கியவர் பக்கத்திலேயே நின்றார். பெண்டாட்டி வீட்டில் அவருக்குத் தள்ளுபடி மாப்பிள்ளை என்று பெயர். பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பது வேலை. கல்யாண மோதிரத்தையே, கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் பேரம் பேசி வாங்கிய ஆசாமி என்று மச்சான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தள்ளுபடியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமை வேறு.

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. "நான்தான் மச்சான்" என்றார்.

அவர் மனைவிக்கு முடி வெட்டுகிற வேலை. பெண்கள் சலூனில், ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. அந்த நாற்காலிக்காகவே காத்துக்கிடந்து வெட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போன மழைக்காலத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது தோள் உடைந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது, ஆனால் கை மார்புக்கு மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. முதலாளியம்மா நல்ல மனுஷி. மாதக்கணக்கில் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தார். கடைசியில் அவரும்தான் என்ன செய்வார்? இந்தச் சனிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று ஒரு முடிவு சொல்லிவிடு என்றார்.

வெளியூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மச்சானுக்கு ஃபிளை தூண்டில் என்றால் பைத்தியம். புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் இறகைச் சுற்றி ஈ மாதிரி கட்டி, லைனைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசித் தண்ணீரில் இறக்குவது. தன்னுடைய பழைய தடியையும் லைன் சுற்றுகிற சக்கரத்தையும் தங்கைக்குப் பார்சலில் அனுப்பினார். "மீன் மாட்டுதோ இல்லையோ, கை எழும்பும். லைன் மட்டும் புதுசா வாங்கிக்கோங்க மாப்ள. ரொம்ப விலை குடுக்க வேணாம், சுமாரானதே போதும்" என்று ஃபோனில் சொன்னார். கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாவும் தாராளமாகச் செய்யலாம் என்றார்.

விலை குறைவாக வாங்கு என்று இவரிடம் சொல்ல வேண்டுமா என்ன! அன்றைக்கே மீன்பிடி சாமான் கடையில் போய் நின்றார்.

"தடி என்ன நம்பர்ணா? கைப்பிடிக்கு மேல எழுதியிருக்கும். வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க, அதே நம்பர் லைன் எடுத்துத் தரேன்" என்றாள் கடைப்பெண்.

தள்ளுபடிக்கு மனதுக்குள் சிரிப்பு வந்தது. அவர் கடையில் ஒரே வெள்ளை பெயிண்ட் மூன்று டப்பாவில் மூன்று நம்பரோடு, மூன்று விலையில் உட்கார்ந்திருக்கிறது. அதை விற்பதே அவர்தான். நம்பர் விளையாட்டை என்னிடமேவா என்று நினைத்துக்கொண்டு தள்ளுபடிக் கூடையைக் கிளறினார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மனுஷன் மேல் அநியாயமாகப் பழி போடக்கூடாது. அவர் விலையை மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "கை முடியாதவங்களுக்கும்மா. இருக்கறதுலயே லேசானது எது?" என்று கேட்டார்.

"மூணு. ஆனா அண்ணா..."

"அதையே போடு."

வீட்டில் "இருக்கறதுலயே லேசானது" என்று சொல்லிப் பெட்டியைப் பிரித்தபோது மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகத் தேடிப் பாத்து லேசா வாங்கினீங்களா?" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவர் மகாராஜா மாதிரி தூங்கினார்.

அப்புறம் தினமும் குளம்தான். அவள் வீசுவாள், லைன் காற்றில் அலைந்துவிட்டுக் காலடியில் குப்பையாய் வந்து விழும். எதிரே கொஞ்ச தூரத்தில் ஒரு நாணல் புதர். அதுவரைக்கும் போனால் வேலைக்குத் திரும்புவேன் என்று அவளாகவே தன்னிடம் பந்தயம் கட்டியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வீசுவாள், தோள் விண் விண்ணென்று தெறிக்கும். "இன்னும் கொஞ்சம் வேகமா வீசு, வந்துடும்" என்று பின்னால் நின்று உற்சாகப்படுத்துவார் தள்ளுபடி. பாதி தூரம்கூடப் போனதில்லை.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலாளியம்மாவை ஃபோனில் கூப்பிட்டாள். "கை வராதுக்கா. வேற ஆளைப் போட்டுக்கோங்க" என்றாள். விஷயம் தெரிந்த மச்சான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, காப்பிகூடக் குடிக்காமல் இருவரையும் குளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "எங்க, வீசு பாப்போம்" என்றார். ஒரே வீச்சுதான். பார்த்ததும் வந்து லைனைக் கையில் பிடித்தார்.

"மாப்ள, தடி ஆறாம் நம்பர். இது மூணு."

"தெரியும் மச்சான். லேசா இருந்தா கைக்கு நோகாதேன்னுதான்..."

மச்சான் அவரையே பார்த்தார். "மாப்ள, முள்ளுல இருக்கறது வெறும் இறகு. அதுக்கு ஏது எடை? லைனோட கனம்தான் தடிய வளைக்கணும். அந்தக் கனம்தான் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகணும். கனமே இல்லன்னா கை மட்டும் கெடந்து அடிச்சுக்கும்." சொல்லிவிட்டுத் தங்கையிடமிருந்து தடியை வாங்கி, ஊரறிந்த தன் கையால் வீசினார். லைன் அலைந்துவிட்டு அவர் காலடியிலும் குப்பையாய் விழுந்தது.

தள்ளுபடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சானின் கால்மாட்டில் கிடந்த சுருளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மச்சான் தன் பையிலிருந்து ஆறாம் நம்பர் லைன் சுற்றிய வேறொரு சக்கரத்தை எடுத்துத் தடியில் மாட்டினார். "இப்ப வீசு. பலமே வேணாம். சும்மா பின்னால ஒரு தடவை, முன்னால ஒரு தடவை."

அவள் பாதி மனதோடுதான் வீசினாள். தடி வளைந்து நிமிர்ந்தது, லைன் தலைக்கு மேலே நீண்டு போய் நாணலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் படுத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி வீசினாள், மறுபடியும் போனது. கை காது வரைக்கும் எழும்பியிருந்தது. அது எத்தனை நாளாய் எழும்பிக்கொண்டிருக்கிறதோ, மூன்று பேரில் யாருக்குத் தெரியும்?

தள்ளுபடி அங்கிருந்தே முதலாளியம்மாவை ஃபோனில் கூப்பிட்டார்.

"அம்மா, அவ கை நல்லாத்தான் இருக்கு. தப்பெல்லாம் என்னோடது. திங்கக்கெழமையே வந்துடுவா."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? நேத்து அவ பேசினதைக் கேட்டு நானே அழுதுட்டேன். காலைல புதுப் பொண்ணு வந்து வேலைய ஆரம்பிச்சாச்சு. இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கா, அவள நான் எப்படிப் போன்னு சொல்றது?"

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்கம்மா" என்றார் தள்ளுபடி. பேரம் பேசும்போது எல்லாக் கடையிலும் சொல்கிற அதே வாக்கியம். அது அவர் காதுக்கே கேவலமாக இருந்தது.

"செய்யறதுக்கு என்னங்க இருக்கு?" என்று ஃபோனை வைத்துவிட்டார் அந்தம்மா.

மச்சான் குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"என்னைத் திட்டேன். ரெண்டு வார்த்தையாவது திட்டிடு" என்றார் தள்ளுபடி.

"எப்படித் திட்டறது? எனக்காகத்தானே வாங்கினீங்க" என்றாள். லைனைச் சுற்றிக்கொண்டே, நிதானமாகத்தான் பேசினாள். "இருக்கறதுலயே லேசானதுன்னு சொன்னீங்க. இவ்ளோ லேசானதையே வீச முடியாத கை, நாள் பூரா கத்திரியத் தூக்கி நிக்குமான்னு யோசிச்சேன். அதான் ஃபோன் பண்ணேன்."

அவள் மறுபடி வீசினாள். லைன் நாணல் வரைக்கும் போய் விழுந்தது. தள்ளுபடியால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.